ஐந்து பேரோடு சேர்ந்து பார்க்கும் வேலை

அன்புள்ள அம்மா,

உளவியல் முடிக்கப்போகும் உங்கள் மகள் பள்ளிகளில் நடத்தைப் பகுப்பாய்வாளராக, அதாவது பிள்ளைகளின் சிக்கலான நடத்தைக்குக் காரணம் கண்டு அதை மாற்ற உதவுபவராக, வேலை பார்க்க ஆசைப்படுகிறாள். சேலத்தில் இதற்கெல்லாம் வேலை கிடைக்குமா, படிப்பு செல்லுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம். சான்றிதழ் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பெற்றோரின் பணம் வீணாவது அங்கேதான்.

நடத்தைப் பகுப்பாய்வாளர்களுக்கு அமெரிக்க வாரியம் ஒன்று தரும் பிசிபிஏ (BCBA) சான்றிதழுக்கு 2023 முதல் இந்தியாவில் வசிப்பவர்கள் புதிதாக விண்ணப்பிக்க முடியாது. ‘பிசிபிஏ ஆகலாம்’ என்று விளம்பரம் செய்யும் வகுப்பில் சேருமுன் இதை நேரடியாகக் கேளுங்கள். இந்தத் துறையில் நாற்பது மணி நேர ஆன்லைன் பயிற்சியை முடித்தவர், இன்னொருவர் வகுத்த திட்டத்தைக் குழந்தையோடு உட்கார்ந்து செய்யத் தொடங்கலாம்; தானே திட்டம் வகுக்கக் கூடாது. பகுப்பாய்வாளர் ஆவதற்கு அந்த வாரியம் முதுகலைப் படிப்புக்கு மேல் வழக்கமாக 2000 மணி நேரம் மேற்பார்வையுடன் களப்பணி கேட்கிறது. எந்தப் படிப்பையும் இந்த அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம் நாட்டில், துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டு தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் நடத்தைப் பகுப்பாய்வாளர் என்ற பெயர் இருக்கிறது. ஆனால் 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் (ஆர்சிஐ) சட்டத்தின் கீழ் பதிவு பெறுவோரில் சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், மறுவாழ்வு உளவியலாளர் எல்லாரும் உண்டு; இந்தப் பெயர் இல்லை. பள்ளிகள் கேட்பதோ பெரும்பாலும் ஆர்சிஐ பதிவு எண்ணைத்தான். அதனால் என் யோசனை: ஆர்சிஐ அங்கீகாரம் பெற்ற சிறப்புக் கல்வி பி.எட். முதலில், அதன் மேல் நடத்தைப் பகுப்பாய்வு. அந்தக் கல்லூரிக்கு நீங்கள் சேர்க்கும் கல்வியாண்டுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று ஆர்சிஐ இணையதளத்தில் பார்த்த பிறகே கட்டணம் கட்டுங்கள்.

இனிதான் முக்கியமான விஷயம். இந்த வேலையில் பாடம் தெரியாமல் சறுக்குகிறவர்கள் குறைவு. சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (உட்காருவது, எழுதுவது போன்ற அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தருபவர்), வகுப்பாசிரியர், பெற்றோர் என்ற ஐந்து பேரோடு சேர்ந்து போகத் தெரியாமல் சறுக்குகிறவர்களே அதிகம்.

இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கணக்குப் பாடத்தில் தரையில் விழுந்து கத்துகிறான் என்று வையுங்கள். ‘அடம்பிடிக்கிறான்’ என்று எழுதினால் பயனில்லை. ‘தரையில் படுத்து ஐந்து வினாடிக்கு மேல் கத்துவது’ என்று வரையறுத்தால்தான் இரண்டு பேர் பார்த்தாலும் ஒரே எண்ணிக்கை வரும். இருவர் கணக்கும் 80 சதவீதமாவது ஒத்துப்போக வேண்டும். பிறகு ஒவ்வொரு முறையும் அதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது என்று ஒரு வாரமாவது குறிக்க வேண்டும். நோட்டை எடுக்கச் சொன்னதும் கத்துகிறான், டீச்சர் வெளியே நிற்கவைக்கிறார், கணக்கு போடாமல் தப்பிக்கிறான். தண்டனை என்று நினைத்துக் கொடுப்பதே அவனுக்கு விடுதலையாகிவிடுகிறது. அதனால் கத்தல் கூடுகிறது. கவனம் தேடுவது, பொருள் கேட்பது, உடம்புக்கு அதுவே இதமாக இருப்பது என வேறு காரணங்களும் உண்டு. காரணம் மாறினால் தீர்வும் மாறும்.

இதற்கும் முன்னால் ஒன்று: காதுவலி, பல்வலி, மலச்சிக்கல், வலிப்பு இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். வலியில் கத்தும் பிள்ளைக்கு நடத்தைத் திட்டம் போடுவது கொடுமை.

காரணம் தப்பித்தல் என்று தெரிந்தால், ‘உதவி வேணும்’ என்று கேட்க அவனுக்கு ஒரு வழி வேண்டும். அது அட்டையா, சைகையா, சொல்லா என்பதைப் பேச்சுப் பயிற்சியாளர் முடிவு செய்யட்டும். பத்துக் கணக்கை மூன்றாகக் குறைப்பது சிறப்பாசிரியர் வேலை. கால் தரையில் எட்டாத பெஞ்சு, பென்சில் பிடிக்க முடியாத விரல் இதெல்லாம் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கண்ணுக்குத்தான் முதலில் படும். அட்டையை நீட்டியதும் சில வினாடிக்குள் உதவி செய்ய வேண்டியவர் வகுப்பாசிரியர். உங்கள் மகள் இவர்களுக்கு நடுவில் எண்ணிக்கையை வைத்திருப்பாள், மாற்றம் வருகிறதா என்று சொல்வாள்.

எங்கே கெடும்? பள்ளியில் ‘வாட்டர்’, வீட்டில் ‘தண்ணி’ என்று பழக்கினால் பிள்ளை குழம்பக்கூடும். கத்தினால் வெளியே அனுப்புவதை நிறுத்திய முதல் சில நாட்கள் கத்தல் முன்பைவிட அதிகமாகலாம்; இதை டீச்சரிடமும் தாயிடமும் முன்கூட்டியே சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே திட்டத்தைக் கைவிடுவார்கள். நாற்பது பிள்ளைகளை வைத்திருக்கும் டீச்சரிடம் இரண்டு பக்கப் படிவம் கொடுத்தால் அது வெறுமையாகத்தான் திரும்பும். ஒரு பையில் பத்து ரப்பர் பேண்ட், ஒரு கத்தலுக்கு ஒன்றை மறு பைக்கு மாற்றுங்கள் என்றால் செய்வார். இன்னொருவர் முறையை ‘அதற்கு ஆதாரமில்லை’ என்று கூட்டத்தில் எடுத்தெறிந்து பேசினால் அடுத்த கூட்டத்துக்கு அவர் வரமாட்டார். இரண்டு வாரம் இப்படி, இரண்டு வாரம் அப்படி, எதில் எண்ணிக்கை குறைகிறது என்று சேர்ந்து பார்ப்போம் என்று சொல்லத் தெரிய வேண்டும். பிள்ளைக்குத் தீங்கு தரும் முறை என்றால் மட்டும் விட்டுக்கொடுக்காமல், அப்போதே, மரியாதையாகச் சொல்ல வேண்டும்.

கூட்டம் வாரம் ஒருமுறை, அரை மணி நேரம், ஒரு பக்க வரைபடம், யார் என்ன எப்போது செய்வது என்ற குறிப்பு. அது போதும். ஆனால் நேரத்தைப் பெற்றோரைக் கேட்டு வையுங்கள். அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுபவருக்கும் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரருக்கும் காலை பதினொரு மணிக் கூட்டம் என்றால் அன்றைய கூலி போச்சு. பிள்ளையை விட வரும் நேரத்திலேயே பேசலாம். மதிப்பீட்டுக்கு முன் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். பிள்ளையின் வீடியோவை வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது.

ஏற்காட்டுப் பள்ளிகள் வேறு மாதிரி. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி எல்லாத் தெரபிஸ்டும் தனித்தனி நாளில் வருவது நடக்காது; ஒரே நாளில் சேர்ந்து வர ஏற்பாடு செய்ய வேண்டும். விடுதிப் பள்ளி என்றால் ஐந்து பேரோடு வார்டனும் ஆறாவது ஆள். இரவுத் தூக்கம், சாப்பாடு பற்றி அவர் சொல்லாமல் பகல் நடத்தை புரியாது.

இப்போதே செய்யக்கூடியது: வட்டார வள மையத்தில், அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்‌ஷா சிறப்பாசிரியர்கள் பிள்ளைகளோடு வேலை செய்வதை அனுமதி பெற்று விடுமுறையில் பார்க்கட்டும். வேலைக்கு நேர்காணல் போகும்போது மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். என்னை மேற்பார்வை செய்வது யார்? பெற்றோர் சம்மதம் வாங்குவது யார் பொறுப்பு? வாராந்திரக் கூட்டத்துக்குக் கால அட்டவணையில் இடம் உண்டா? மூன்றாவதுக்கு ‘நேரம் கிடைத்தால் பார்க்கலாம்’ என்று பதில் வந்தால், சம்பளம் கூடுதலாக இருந்தாலும் வேறு பள்ளி பாருங்கள்.