யாருடைய இலாகா?

வாசகர் கேள்வி – பதில்

வேலைக்குச் செல்லும் பெற்றோரிடமிருந்து வந்த கடிதங்கள் ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டதால், இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பாரிமுனையில் உள்ள ஒரு வங்கிக் கிளையில் பணிபுரிகிறேன். வீடு ஆவடியில். மகள் ஆறாம் வகுப்பிலும் மகன் இரண்டாம் வகுப்பிலும் படிக்கிறார்கள். நாலரை மணிக்கு எழுந்தால்தான் எட்டு மணி மின்சார ரயிலைப் பிடிக்க முடிகிறது. கணவர் நல்லவர், எந்த வேலையைச் சொன்னாலும் செய்வார். ஆனால் சொல்ல வேண்டும். இரவில் உடம்பைவிட மனம்தான் அதிகம் களைத்திருக்கிறது. தினமும் அரைமணி நேரம் உனக்கென்று ஒதுக்கி யோகாசனம் செய் என்கிறார்கள் தோழிகள். அந்த அரைமணியை எங்கிருந்து எடுப்பது? – ஆவடி வாசகி

பதில்: "ஆனால் சொல்ல வேண்டும்" என்று நீங்கள் எழுதிய இடத்தில் கோடு போட்டு வைத்துக்கொண்டேன், சகோதரி. உங்கள் களைப்பின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. மத்திய அரசு 2024-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். சமைப்பதும் துவைப்பதும் பெருக்குவதும் இதில் அடங்கிவிடுகின்றன. செவ்வாய்க்கிழமை விளையாட்டுச் சீருடை, வெள்ளிக்கிழமைக்குள் வேன் கட்டணம், எரிவாயு உருளையைப் பதிவு செய்யும் நாள், மகனுக்குத் தடுப்பூசி பாக்கி என்று ஓயாமல் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறதே, அந்த நினைவு வேலையை நிமிடக் கணக்கில் அளப்பது கடினம். கூட்ட நெரிசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதும் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. உங்கள் கணவர் கைகளைக் கொடுக்கிறார். தலையை மட்டும் உங்களிடமே விட்டுவைத்திருக்கிறார்.

எல்லா இலாகாக்களையும் முதலமைச்சரே வைத்துக்கொண்டு, மற்ற அமைச்சர்களை அவ்வப்போது கோப்பு தூக்கிவரச் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது பல வீடுகளின் நிலைமை. ஆகவே வேலைகளைப் பிரிக்காதீர்கள், இலாகாக்களைப் பிரியுங்கள். "இன்று சீருடையை இஸ்திரி போட்டுவிடுங்கள்" என்று நீங்கள் சொன்னால் அது அவர் செய்த உதவி. எந்த நாளில் எந்தச் சீருடை, அது துவைத்துக் காய்ந்திருக்கிறதா, பொத்தான் அறுந்திருக்கிறதா, காலுறை ஜோடியாக இருக்கிறதா என்பதையெல்லாம் அவரே நினைவில் வைத்துச் செய்யும்போதுதான் அந்த இலாகா கைமாறியதாகப் பொருள்.

இதில் மிகக் கடினமான பகுதி உங்களுடையது. முதல் இரண்டு வாரங்களில் மகன் ஒருநாள் தவறான சீருடையுடன் பள்ளிக்குப் போவான். அப்போது நீங்கள் நினைவூட்டவும் கூடாது, முந்தின இரவு ரகசியமாக எடுத்து வைக்கவும் கூடாது. ஒருமுறை எடுத்து வைத்தால் போதும், இலாகா மறுநாளே உங்களிடம் திரும்பிவிடும். என் வீட்டில் மளிகை இலாகா இப்படி மூன்று முறை போய் மூன்று முறை திரும்பி வந்தது. நான்காம் முறை, துவரம்பருப்பு இல்லாமல் ஒரு வாரம் பாசிப்பருப்பு சாம்பார் சாப்பிட்ட பிறகுதான் நிலைத்தது.

பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் இரு பிள்ளைகளுக்கும் உங்கள் எண்தானே இருக்கிறது? மகனின் வகுப்புக்கு நாளையே கணவரின் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். "நாளைக்கு சார்ட் பேப்பர் கொண்டுபோகணும்" என்று இரவு ஒன்பது மணிக்கு, தெருமுனைக் கடை ஷட்டரை இறக்கிய பிறகு பிள்ளை வந்து நிற்கும்போது, யார் முகத்தைப் பார்த்து நிற்கிறது என்பதை அந்த எண்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. மகளுக்குப் பதினொரு வயதிருக்கும் என்பதால் அவளும் ஓர் இலாகாவுக்குத் தகுதி பெற்றவள். தண்ணீர் பாட்டில்களை நிரப்பி வைப்பதில் தொடங்கலாம். மகளிடம் தொடங்குவது மகனிடமும் தொடர வேண்டும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காலைப் பொழுதைப் பற்றி ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை மாவரைக்கும் வழக்கம் இருந்தால், அரைத்த மாவு முழுவதையும் புளிக்க விடாதீர்கள். பாதியை அரைத்த கையோடு குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு, செவ்வாய் இரவு வெளியே எடுத்து வைத்தால் புதன் காலையில் புளித்துப் பொங்கியிருக்கும். வியாழக்கிழமை புளித்த மாவில் தோசை வார்த்துவிட்டுப் பிள்ளைகளின் முகச்சுளிப்பைப் பார்க்க வேண்டியிராது. இரண்டு நாள் நாலரை மணி ஐந்தரையானால் அதுவும் லாபந்தான்.

யோகாசனத்துக்கு நான் எதிரியல்ல. ஆனால் ஏற்கெனவே நிரம்பி வழியும் நாளில் இன்னொரு கடமையைச் செருகினால், அதைச் செய்யாத குற்றவுணர்வுதான் மிஞ்சும். பெரியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விரைவாக நடப்பதும் அதில் சேரும். மாலையில் மட்டும் பாரிமுனையிலிருந்து சென்ட்ரலுக்குப் பேருந்தை விட்டுவிட்டு நடந்து பாருங்கள். உங்களுக்கு முதலாம், மூன்றாம் சனிக்கிழமைகளும் வேலை நாட்கள் என்பதால், தனியாக நேரம் ஒதுக்காமலேயே அந்தக் கணக்கில் கணிசமான பகுதி நிரம்பிவிடும். அதன்பின் ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் கிளையின் குழுவையும் பள்ளியின் குழுவையும் திறக்காமல் சன்னலைப் பாருங்கள். உங்கள் அரைமணி அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. களைப்பு முழுவதையும் மனத்தின் மேல் போட்டுவிட வேண்டாம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதாகத் தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. ஒருமுறை ஹீமோகுளோபினையும் தைராய்டையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். தூக்கமின்மையும் அழுகையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அல்லது 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறேன். மனைவியும் வேறொரு கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறார். நான் வீடு திரும்பும்போது இரவு ஒன்பதாகிவிடும். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் தூங்கியிருப்பாள். சனிக்கிழமை சம்பளத்தில் அவளுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டுதான் போகிறேன். இருந்தாலும் என்னைவிடப் பக்கத்து வீட்டுக்காரரிடம்தான் அதிகம் ஒட்டுகிறாள். – திருப்பூர் வாசகர்

பதில்: வாரத்துக்கு ஒருநாள் பொட்டலத்துடன் வருபவரைக் குழந்தைக்கு விருந்தாளியாகத்தான் தெரியும். உங்கள் இரவை மீட்பது இப்போதைக்கு நடக்காது. ஒன்றரை ஷிப்டை விட்டால் வாடகைக்கு என்ன செய்வது என்பது எனக்கும் தெரியும். ஆகவே காலையைப் பார்ப்போம். மகள் அரசுப் பள்ளியில் படிப்பவளானால், 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தில் அவளுக்குப் பள்ளியிலேயே உப்புமாவோ பொங்கலோ கிடைக்கும். அவளை உட்கார வைத்து ஊட்டிவிடும் அவசரம் உங்கள் வீட்டுக் காலையில் இல்லை என்று பொருள்.

அந்த நேரத்தில் அவளுக்குத் தலைவாரிப் பின்னும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வேடிக்கையாகச் சொல்லவில்லை. நேர்வகிடு எடுத்து, இரு பக்கமும் மூன்று மூன்று கால்களாகப் பிரித்து, இரட்டைச் சடை பின்னி, ரிப்பனை மடித்துக் கட்டுவதற்குப் பழக்கமில்லாத கைக்கு இருபது நிமிடமாகும். அந்த இருபது நிமிடமும் குழந்தை உங்கள் முன் உட்கார்ந்திருந்தே ஆக வேண்டும். வாய் சும்மா இருக்குமா? முந்தின நாள் பள்ளியில் நடந்தது முழுவதும் வந்துவிடும். முதல் வாரம் ஒரு சடை மேலேயும் ஒன்று கீழேயும் தொங்கும், வலிக்கிறது என்று அழவும் செய்வாள். பிறகு அவளே சீப்புடன் வந்து உங்கள் முன் உட்காருவாள். ஷிப்டுக்குப் போகும் வழியில் வண்டியில் பள்ளி வாசல் வரை கொண்டுபோய் விட முடிந்தால் இன்னும் நல்லது. சனிக்கிழமைப் பொட்டலம் இருக்கட்டும், அதைக் குறை சொல்லவில்லை.

கேள்வி: பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் எனக்கென்று நேரம் கிடைக்கிறது. பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை கைப்பேசியில் போய்விடுகிறது. தவறென்று தெரிந்தும் விட முடியவில்லை. – கோவை வாசகர்

பதில்: அந்த இரண்டு மணி நேரத்தைப் பகலில் யாரோ உங்களிடமிருந்து பறித்துக்கொண்டார்கள் என்ற கோபத்தில்தான் இரவில் விழித்திருக்கிறீர்கள், ஆனால் பழி தீர்ப்பது உங்கள் தூக்கத்தின் மேல். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரமும், 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரமும் தூக்கம் தேவை. உங்கள் பிள்ளைகள் பத்தரைக்கு மேல் தூங்குவதாகத் தெரிகிறது. அவர்களுடைய படுக்கை நேரத்தை ஒன்பது மணிக்குக் கொண்டுவந்தால், அவர்களுக்கும் நல்லது, உங்களுக்கும் பதினொன்றுக்கு முன்பே நேரம் கிடைத்துவிடும். மாலை ஆறு மணிக்குக் குடிக்கும் காப்பியின் காஃபீனில் ஏறத்தாழப் பாதி, இரவு பதினொரு மணிக்கும் உடம்பில் இருக்கும். அந்தக் காப்பியை மூன்று மணிக்குத் தள்ளுங்கள். மின்னேற்றியைக் கூடத்தில் வைத்துவிட்டால் மீதி தானாக நடக்கும்.

கேள்வி: மகப்பேறு விடுப்பு முடிந்து தனியார் நிறுவனத்தில் வேலைக்குத் திரும்புகிறேன். குழந்தைக்கு ஆறு மாதம். பாலூட்ட இடைவேளை கேட்டால் சலுகை கேட்பதுபோல் பார்க்கிறார்கள். எனக்கு உரிமை உண்டா? – ஓசூர் வாசகி

பதில்: உண்டு. மகப்பேறு நலச் சட்டத்தில் இருந்த விதிப்படி, குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரத்துடன் கூடுதலாக நாளொன்றுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் அளிக்கப்பட வேண்டும். 26 வார விடுப்பைக் கொண்டுவந்த 2017-ஆம் ஆண்டுத் திருத்தம், ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றும், தாய் நாளில் நான்கு முறை அங்கே சென்றுவர அனுமதிக்க வேண்டும் என்றும் கூறியது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த, 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவை இடம்பெற்றுள்ளன. வாய்மொழியாகக் கேட்காமல், எந்தெந்த நேரத்தில் இடைவேளை வேண்டும் என்று குறிப்பிட்டு மனிதவளத் துறைக்கு மின்னஞ்சலாக எழுதுங்கள். எழுத்தில் வந்த கோரிக்கைக்கு "பார்க்கலாம்" என்று பதில் எழுதுவது அவர்களுக்குச் சிரமம்.

கேள்வி: எனக்கு 64 வயது. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறார்கள். மூன்று வயதுப் பேரனை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மூட்டுவலியோடு அவன் பின்னால் ஓட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் இருவரும் வெளியே கிளம்பிவிடுகிறார்கள். சொன்னால் மனம் வருத்தப்படுவார்களே என்று சொல்லவில்லை. – தஞ்சை வாசகி

பதில்: அம்மா, உங்கள் மகள் அலுவலகத்தில் நிம்மதியாக இருப்பது நீங்கள் வாரத்தில் ஆறு நாள் உழைப்பதால்தான். அவருக்குக் கிடைக்கும் வார விடுமுறை உங்களுக்கும் வேண்டும். "முடியவில்லை" என்று பொதுவாகச் சொன்னால் "பார்த்துக்கொள்ளலாம் அம்மா" என்பார்கள், அடுத்த ஞாயிறும் கிளம்பிவிடுவார்கள். எனவே நாளையும் நேரத்தையும் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்: "ஞாயிறு முழுவதும் பேரன் உங்கள் பொறுப்பு, புதன் மாலை நான் கோயிலுக்குப் போவேன்" என்று. பேரனுக்கு மூன்று வயதாகிவிட்டதால், காலையில் சில மணி நேரம் தெருவிலுள்ள அங்கன்வாடிக்கு அனுப்பலாம். உங்களுக்கு முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்க நேரம் கிடைக்கும், அவனுக்கும் ஓடிப்பிடித்து விளையாட ஆள் கிடைக்கும். மகளிடம் பேசும்போது மருமகனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமையும் உங்கள் மகளின் தலையில்தான் போய் விழும்.