எக்ஸ்டென்ஷனில் மோடம் ஏன் முரண்டுகிறது?

கேள்வி: எங்கள் குடோன் கணக்குக் கம்ப்யூட்டர் இன்னும் மோடம் (கம்ப்யூட்டர் தகவலை டெலிபோன் லைனில் அனுப்பும் கருவி) வழியாகத்தான் தலைமை அலுவலகத்துக்குப் பேசுகிறது. நேரடி லைனில் சரியாக ஓடுகிறது. இன்டர்காம் எக்ஸ்டென்ஷனில் (ஆபீஸ் உள் இணைப்பில்) சொருகினால் ‘நோ டயல்டோன்’ என்கிறதே?

பதில்: மோடத்துக்குக் காது உண்டு, பழகிய டயல்டோன் (போனை எடுத்ததும் வரும் ஒலி) கேட்டால்தான் எண்ணைச் சுழற்றும். உங்கள் இன்டர்காம் பெட்டி தரும் டோன் வேறு மாதிரி விட்டுவிட்டு ஒலிக்கலாம். மோடத்துக்கு ஏடிஎக்ஸ்3 (ATX3) என்று கட்டளை கொடுங்கள், டோனுக்குக் காத்திராது. அப்புறம் எண்ணுக்கு முன் 0 போட்டு ஒரு கமா. வழக்கமாக ஒரு கமாவுக்கு 2 விநாடி நிற்கும். அதற்குள் வெளி லைன் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் இரண்டு கமா.

பாதியில் அறுந்தால் ‘கால் வெயிட்டிங்’ பீப்பை, அதாவது பேச்சின் நடுவே இன்னொரு அழைப்பு வருவதைச் சொல்லும் ஒலியை, சந்தேகியுங்கள். அந்த எக்ஸ்டென்ஷனில் மட்டும் அதை நிறுத்திவிடலாம்.

ஆனால் மேனேஜர் மேஜையில் டிஸ்ப்ளேயோடு இருக்கும் டிஜிட்டல் போனின் சாக்கெட்டில் மட்டும் சொருகாதீர்கள். சொருகும் முனை ஒன்றுதான், உள்ளே ஓடும் மின்சாரம் வேறு. ஒரு கம்பெனியில் அப்படிச் சொருகி மோடத்தைக் கருக்கியவன் நான். வாடை சாயங்காலம் வரை போகவில்லை. சாதாரண பட்டன் போனை முதலில் மாட்டிப் பாருங்கள். அது வேலை செய்கிற எக்ஸ்டென்ஷன் என்றால் பயமில்லை.