மலையகச் சுற்றுலாவுக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்கலாமா?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் வசிக்கும் நாங்களும் கனடாவிலிருந்து வரும் அக்காவின் குடும்பத்தினருமாகப் பதினொரு பேர், ஆகஸ்ட் விடுமுறையில் மலையகம் போக விரும்புகிறோம். வான் ஒழுங்குசெய்து தருபவர் ஒருவர், நான்கு நாட்களில் கண்டி, சிவனொளிபாதமலை, நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி, எல்ல ஆகிய இடங்களை 'எல்லாம் உட்பட' காட்டுவதாகச் சொல்லி, முழுப் பணத்தையும் இப்போதே வங்கியில் இடச் சொல்கிறார். கொடுக்கலாமா? நல்ல தேயிலை வாங்கவும் வழி சொல்லுங்கள்.
– ஒரு வாசகி

பதில்: கொடுக்க வேண்டாம். பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர், அவர் தந்த பயணத் திட்டத்தையே ஒருமுறை பாருங்கள். சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் டிசம்பர் மாதப் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி மே மாத வெசாக் போயாவுடன் முடிந்துவிடும். ஆகஸ்டில் படிகளில் விளக்கு இராது; வழிக்கடைகளில் பெரும்பாலானவை திறந்திரா; தென்மேல் பருவமழை அந்தச் சரிவில்தான் கொட்டும். இதை ஆகஸ்ட் திட்டத்தில் சேர்த்தவர், உங்களுக்காக உட்கார்ந்து யோசித்துத் திட்டம் போடவில்லை என்பது என் கணிப்பு.

சிவனொளிபாதமலை இருக்கும் ஹற்றன் பக்கம் மழையாகக் கொட்டிவிட்டு மலைமுகட்டைத் தாண்டும் அதே காற்று, ஊவாச் சரிவில் வறண்டு இறங்கி, நம்மூரில் கச்சான் காற்றாக வந்து சுடுகிறது. ஆகவே ஆகஸ்டில் பண்டாரவளை, எல்ல, பதுளைப் பக்கத்தில் வானம் தெளிந்திருக்கும் வாய்ப்பு அதிகம்; உங்கள் நாட்களில் பெரும்பகுதியை அங்கே வையுங்கள். கண்டியில் தங்கும் இரவை உறுதிசெய்வதற்கு முன் அங்கு நடக்கும் எசல பெரஹரா ஊர்வலத்தின் திகதிகளைப் பார்த்துக்கொள்வது அவசியம். அந்நாட்களில் அறை வாடகை பல மடங்கு ஏறும். மாலையில் நகர வீதிகள் மூடப்படும். ஆனாலும், தலதா மாளிகையின் ஊர்வலத்தோடு நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்களும் சேர்ந்து வருவதையும், நம் கிழக்கில் கண்ணகி அம்மனாக வணங்கப்படுபவளே அங்கே பத்தினித் தெய்வமாக வலம் வருவதையும் பிள்ளைகள் நேரில் காண்பதற்காக, அந்தக் கூடுதல் செலவை நான் மனமுவந்து ஏற்பேன்.

திருகோணமலையிலிருந்து கண்டி ஏறத்தாழ 180 கிலோமீற்றர். கண்டியிலிருந்து நுவரெலியா 80 கிலோமீற்றருக்கும் குறைவுதான். ஆனால் சுமார் 500 மீற்றர் உயரத்திலிருந்து 1,870 மீற்றர் வரை ஏற வேண்டியிருப்பதால், இறம்பொடையில் இறங்கிப் பார்ப்பதையும் சேர்த்து அரைநாளை அதற்கென ஒதுக்குங்கள். நான்கு நாள் பயணம்தான் என்பதால் ஹோர்ட்டன் சமவெளியையும் விட்டுவிடுவதே நல்லது. திரும்பும்போது பதுளை, மகியங்கனை, பொலன்னறுவை வழியாக வந்தால், போன வழியே வராமல் ஆதிவாசிகள் வாழும் தம்பானைப் பக்கத்தையும் காணலாம். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இரவில் யானைகள் வீதியைக் கடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கடைசி நாளின் புறப்படும் நேரத்தை அதற்கேற்ப முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

இனி ஒப்பந்தம். 'எல்லாம் உட்பட' என்பதற்கு எழுத்தில் விளக்கம் இல்லாவிட்டால் அதற்கு எந்த மதிப்பும் இல்லை. நாளொன்றுக்கு எத்தனை கிலோமீற்றர், மேலதிகக் கிலோமீற்றருக்கு என்ன கட்டணம், எரிபொருளும் சாரதியின் படியும் தங்குமிடமும் யார் பொறுப்பு, எந்த விடுதியில் எத்தனை அறை, எந்த வேளைச் சாப்பாடு, சைவ உணவு கிடைக்குமா என்பவை எல்லாம் அதில் இருக்க வேண்டும். நுழைவுச்சீட்டு விடயத்தில் உங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு: பேராதனைப் பூங்கா போன்ற இடங்களில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் வேறு. கனடாக் கடவுச்சீட்டில் வரும் அக்கா குடும்பத்தின் சீட்டும் அந்தத் தொகைக்குள் அடங்குமா என்று இப்போதே கேளுங்கள். வானின் காப்புறுதிப் பத்திரத்தையும் பாருங்கள். தனிப்பட்ட பாவனைக்கு மட்டும் எடுத்த காப்புறுதியோடு வாடகைக்கு ஓடும் வாகனத்தில் விபத்து நேர்ந்தால் இழப்பீடு பெறுவது பெரும்பாடு.

2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வா புயலின்போது மலையக வீதிகளும் ரயில் பாதையும் மண்சரிவால் எப்படிச் சிதைந்தன என்பதை நாம் மறக்கக்கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்தாலோ வீதி மூடப்பட்டாலோ பணம் திரும்புமா, திகதி மாற்றித் தரப்படுமா என்பதற்கு ஒரு வரி கட்டாயம் தேவை. இவற்றுக்கெல்லாம் அவர் சம்மதித்தால் கால்பங்கை முற்பணமாகக் கொடுத்து, வியாபாரப் பதிவிலக்கம் உள்ள பற்றுச்சீட்டைப் பெறுங்கள். மீதியில் ஒரு பகுதியைப் புறப்படும் நாளிலும், எஞ்சியதை வீடு திரும்பியதும் கொடுக்கலாம். நானுஓயாவிலிருந்து எல்ல வரை ரயிலில் போக விரும்பினால், சேவை நடைபெறுகிறதா என்பதை நிலையத்தில் விசாரித்து நீங்களே சீட்டு வாங்குங்கள். இடைத்தரகருக்கு 'ஒழுங்குக் கட்டணம்' கொடுக்க வேண்டாம்.

தேயிலையைச் சாரதி கூட்டிச் செல்லும் கடையில்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாத்தளை வழியிலுள்ள வாசனைத் திரவியத் தோட்டங்களுக்கும் இது பொருந்தும். பல இடங்களில் அவருக்குச் சேரும் கொமிஷன் உங்கள் விலைக்குள்தான் இருக்கும். தேயிலைப் பொதியில் காணும் பிஓபி, பிஓபிஎஃப் என்னும் எழுத்துகள் இலையின் அளவைக் குறிப்பவையே அன்றித் தரவரிசை அல்ல. பொதியில் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை இருந்தால், அது இலங்கையிலேயே பொதியிடப்பட்ட தூய இலங்கைத் தேயிலை என்று கொள்ளலாம். நிறை, திகதி, உச்ச சில்லறை விலை ஆகியவற்றையும் பாருங்கள். கச்சான் வீசும் ஜூலை முதல் செப்டம்பர் வரை பறிக்கப்படும் ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் உண்டு. ஆகஸ்டில் கொழுந்து பறிப்பதைக் காண்பீர்களே தவிர, கடையில் இருக்கும் பொதி முந்திய பருவத்தினதாகவும் இருக்கலாம் என்பதால் கேட்டு வாங்குங்கள். கொழுந்து பறிக்கும் பெண்களைப் படம் எடுப்பதாயின் முதலில் அவர்களிடம் தமிழில் அனுமதி கேளுங்கள். பறித்த கொழுந்தின் நிறையைப் பொறுத்தே அவர்களின் உழைப்பு கணக்கிடப்படுவதால், அவர்களை வேலையின் நடுவே நிறுத்திவைக்க வேண்டாம்.

ஒப்பந்தப்படி நடக்காவிட்டால், சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்திற்குள் பற்றுச்சீட்டின் பிரதியுடன் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம்; 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அதற்கு இடமளிக்கிறது. வழியில் அவசரமாக ஆலோசனை தேவைப்பட்டால் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்தை அழையுங்கள்.