"நான் எறியலை, மூளைதான் எறிஞ்சது!"

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. விளையாட்டில் தோற்றால் கையில் கிடைத்ததை விட்டெறிகிறான். அரை மணி நேரம் கழித்து, "ஏன் எறிஞ்சேன்னு எனக்கே தெரியலைம்மா" என்று அழுகிறான். கோபத்துக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பை இந்த வயதில் சொன்னால் புரியுமா?

பதில்: தாராளமாகப் புரியும். ஆனால் அவன் எறிந்துகொண்டிருக்கும்போது ஆரம்பிக்காதீர்கள், அந்த நேரத்தில் எதுவும் காதில் ஏறாது. ராத்திரி படுக்கப் போகும்போது, ரெண்டு பேரும் சும்மா இருக்கும்போது பேசுங்கள்.

மூளைக்குள் அமிக்டலா என்று ஒன்று இருக்கிறது, பாதாம் பருப்பு வடிவம், பெயருக்கே கிரேக்கத்தில் பாதாம் என்றுதான் அர்த்தம். அதை ஒரு காவல்காரன் என்று சொல்லுங்கள். பாம்பு வந்தாலும் மணி அடிப்பான், விளையாட்டில் தோற்றாலும் அதே மணியைத்தான் அடிப்பான். அப்புறம் உங்கள் மகனின் நெற்றியைத் தொட்டு, "இதுக்குப் பின்னாடிதான் 'கொஞ்சம் பொறு'ன்னு சொல்ற பகுதி இருக்கு, அது இன்னும் வளர்ந்துகிட்டே இருக்கு" என்று சொல்லுங்கள். பொய்யில்லை, அந்தப் பகுதி முழுசாக முதிர ஏறத்தாழ 25 வயதாகிறது. (மூளை இப்படி அறை அறையாக வேலை செய்வதில்லை, பல பகுதிகள் சேர்ந்துதான் இயங்குகின்றன. ஏழு வயதுக்கு இந்தக் கதை போதும்.)

சொல்வதைவிடக் காட்டினால் நன்றாக ஏறும். அவனை வேகமாக ஓடிவரச் சொல்லி, நெஞ்சில் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கோபம் வந்தாலும் இதயம் இப்படித்தான் படபடக்கும், அட்ரினலின் என்ற ஹார்மோன் செய்கிற வேலை. அப்புறம் மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடச் சொல்லுங்கள். துடிப்பு இறங்குவது அவன் கைக்கே தெரியும். இதை நாலைந்து தடவை விளையாட்டாகப் பழகியிருந்தால்தான் கோபத்தில் கைகொடுக்கும், சண்டை நடுவில் "மூச்சு விடு!" என்று கத்துவதில் பிரயோஜனமில்லை.

இன்னொன்று, எல்லாவற்றையும் கோபம் என்றே அவன் சொல்லக்கூடும். உள்ளே இருப்பது வெட்கமாக இருக்கலாம், ஏமாற்றமாக இருக்கலாம். சரியான பெயர் சொன்னாலே வேகம் கொஞ்சம் தணியும். "தோத்தது வெட்கமா இருந்துச்சா?" என்று நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

இதெல்லாம் தெரிந்த பிறகு அடுத்த வாரமே, "நான் எறியலை, மூளைதான் எறிஞ்சது" என்பான். சிரிப்பு வரும், அடக்கிக்கொள்ளுங்கள். "மூளையும் நீதான்டா, வா, சிதறினதை எடுத்து வைக்கலாம்" என்று கூடவே உட்காருங்கள்.