ஆஃபரை ரத்து செய்தால் எம்.பி.ஏ.தான் வழியா?

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

இருந்த வேலையை உங்கள் மகள் ராஜினாமா செய்துவிட்ட பிறகு, சேரும் நாளுக்கு முந்தின வாரம் 'ஆஃபர் ரத்து' என்று மெயில் வந்திருக்கிறது. வயிறு எரியத்தான் செய்யும். சரி, ஆறுதல் இவ்வளவு போதும்.

"வேலையில் கேப் விழுந்துடும், கடன் வாங்கி எம்.பி.ஏ. சேர்த்துடுங்க" என்கிறாராம் உங்கள் கொழுந்தனார். வேண்டாம். அந்த 8 லட்சத்தை அடைக்கப்போவது அவர் இல்லை. துறைமுக க்ளியரிங் ஆபீசில் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் கொடுக்கும் படிவம்) போடுகிற வேலைதான் பிடித்திருந்தது என்று மகளே ஒரு வரி எழுதியிருக்கிறாள். 'ஹார்பர் வேலையா' என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும், அவள் அதையே தேடட்டும். எங்கே, எப்படித் தேடுவது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

யாரும் உங்களுக்குச் சொல்லாத வழி ஒன்று இருக்கிறது. ஆஃபரை ஏற்றுக்கொண்டதாக அவள் பதில் அனுப்பியிருந்தால் அது ஒப்பந்தம். 'அவளை வேலையில் சேர்த்துக்கொள்' என்று கோர்ட் பொதுவாக உத்தரவிடாது. ஆனால் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆவது பிரிவின்படி நஷ்டஈடு கேட்கலாம். 'எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்வோம்' என்றோ, சரிபார்ப்பு முடிந்தால்தான் வேலை என்றோ ஆஃபரில் வரி இருந்தால் வழக்கு பலவீனப்படும். முதலில் அதைப் படியுங்கள்.

வக்கீல் செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம். மெட்ரோ ஏறி உயர் நீதிமன்றம் நிலையத்தில் இறங்கினால் நீதிமன்ற வளாகம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு எங்கே என்று அங்கே கேளுங்கள். கிளம்புமுன் சட்ட உதவி எண் 15100க்கு போன் செய்து விசாரித்துக்கொள்ளலாம். ஆஃபர் லெட்டர், ஏற்றுக்கொண்ட மெயில், ரத்து மெயில், பழைய கம்பெனியின் ரிலீவிங் லெட்டர், கடைசிச் சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துப் போங்கள். ரத்து செய்ததை ஹெச்.ஆர். போனில் மட்டும் சொல்லியிருந்தால், காரணம் கேட்டு இன்றே ஒரு மெயில் போடச் சொல்லுங்கள். வழக்கு போடுவதற்கு முன்பே லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் பேசிப் பார்க்கலாம். இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் அந்த முடிவு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. கம்பெனி வரவில்லை, ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சிவில் கோர்ட் இருக்கிறது, அதற்கு மூன்று வருஷம் அவகாசம்.

இன்னொன்று. நஷ்டத்தைக் குறைக்க அவள் என்ன செய்தாள் என்பதையும் கோர்ட் பார்க்கும். அதனால் வேலைக்கு விண்ணப்பித்த மெயில் ஒன்றைக்கூட அழிக்கக் கூடாது. இந்த நேரத்தில் இரண்டு வருஷப் படிப்பில் போய் உட்கார்ந்தால், 'வேலையே தேடவில்லையே' என்று எதிர்த்தரப்பு கேட்க நாமே இடம் கொடுத்ததாகும்.

அப்புறம், கல்விக் கடன் படிவத்தைக் கொழுந்தனார் கொண்டுவந்தால் இணைக் கடனாளியாக நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள்.