'டவுன் லெஃப்ட்' என்றால் எந்தப் பக்கம் போவது?

கேள்வி: கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறேன். நாடகக் குழுவில் சேர்ந்திருக்கிறேன். இயக்குநர் சொல்வதில் பாதி புரிவதில்லை. சீனியர் ஒருவர் கொடுத்த பட்டியலில் நூறு சொற்களுக்கு மேல் இருக்கின்றன. அடுத்த வாரம் ஒத்திகை. எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்: பட்டியலை மடித்துப் பையில் வையுங்கள். ஒத்திகையில் உங்களை நகர வைக்கும் சொற்கள்தான் முதலில் வேண்டும். டிராஜடி, மெலோடிராமா எல்லாம் தேர்வு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

திசையிலிருந்து தொடங்குங்கள். ரைட், லெஃப்ட் என்றால் பார்வையாளரைப் பார்த்து நிற்கும் நடிகரின் வலமும் இடமும். எதிரே உட்கார்ந்திருக்கும் இயக்குநருக்கு அது நேர்மாறு. ஆனாலும் அவர் உங்கள் கணக்கில்தான் சொல்வார். பார்வையாளருக்குப் பக்கத்தில் உள்ள முன்பகுதி டவுன் ஸ்டேஜ், பின்பகுதி அப் ஸ்டேஜ். சமதள மேடையில் மேலேது கீழேது என்று தோன்றும். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் மேடையின் பின்பக்கத்தை உயர்த்தி முன்பக்கம் சரிவாகக் கட்டினார்கள். பின்னால் போனவர் நிஜமாகவே மேடேறினார். ஆக, 'டவுன் லெஃப்ட்' என்று குரல் வந்தால் முன்னால் வந்து உங்கள் இடக்கைப் பக்கம் போங்கள்.

எந்த வசனத்தில் யார் எங்கே நகர்வது, எங்கே நிற்பது என்ற ஏற்பாடுதான் பிளாக்கிங். ஸ்கிரிப்டின் ஓரத்தில் 'எழு, டவு.லெ., 3 அடி' என்று குறித்தால் போதும். பென்சிலால் எழுதுங்கள், நாளைக்கே மாற்றிவிடுவார்கள்.

அதிகம் கவனிக்க வேண்டியது க்யூ. நீங்கள் பேசவோ நுழையவோ வேண்டிய நேரத்தைக் காட்டும் சமிக்ஞை அது: அடுத்தவர் வசனத்தின் கடைசிச் சொற்களாக இருக்கலாம், கதவு தட்டும் ஓசையாக இருக்கலாம், விளக்கு மாறுவதாகவும் இருக்கலாம். புதியவர்கள் தங்கள் வசனத்தை மட்டும் உருப்போட்டுவிட்டு க்யூவைக் கோட்டை விடுவார்கள். எதிராளி பேசி முடித்த பிறகு ஒரு கணம் யோசித்து, மூச்சிழுத்து, அப்புறம்தான் வாய் திறப்பார்கள். 'நாடகம் இழுக்குது' என்று பேர் வாங்குவது பெரும்பாலும் இதனால்தான். முந்தைய வசனத்தின் கடைசி நாலு சொல்லையும் உங்கள் வசனத்தோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.

காட்சிக்காக மேடையில் போட்டிருக்கும் மேசை 'செட்'. அதன்மேல் இருந்து நீங்கள் கையில் எடுத்துப் படிக்கும் கடிதம் 'பிராப்பர்ட்டி', சுருக்கமாகப் பிராப். மேடையின் இருபக்க மறைவிடம் விங். அங்கே நிற்கும்போது பார்வையாளர் உங்கள் கண்ணில் பட்டால், நீங்களும் அவர்கள் கண்ணில் படுகிறீர்கள் என்று அர்த்தம். ஓரடி பின்னால் போங்கள்.

திரையைப் பற்றியும் விசாரியுங்கள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையே ஒரு பக்கத்திலிருந்து வரும் ஒருமுக எழினி, இரு பக்கமிருந்தும் வந்து சேரும் பொருமுக எழினி, மேலிருந்து இறங்கும் கரந்துவரல் எழினி என்று மூன்று வகைத் திரைகளைச் சொல்கிறது. உங்கள் அரங்கில் திரை பக்கத்திலிருந்து வருமா, மேலிருந்து இறங்குமா என்று முன்கூட்டியே தெரிந்தால் காட்சி முடியும்போது அதன் கோட்டில் போய் நிற்க மாட்டீர்கள்.

'நான்காவது சுவர்' என்றும் காதில் விழும். எதிரே ஆளே இல்லாததுபோல், அங்கே ஒரு சுவர் இருப்பதுபோல் நடிப்பது அது. தெருக்கூத்தில் அந்தச் சுவருக்கு வேலையில்லை. கூத்தை அறிமுகம் செய்து நடத்திச் செல்லும் கட்டியங்காரன் கூட்டத்தைப் பார்த்தே பேசுவான், கேலி செய்வான். உங்கள் நாடகம் எந்தப் பக்கம் என்பதை முதல் நாளே இயக்குநரிடம் கேளுங்கள். கண்ணை எங்கே வைப்பது என்பது அதைப் பொறுத்தது.