கருமையான கிரேடியன்ட்டில் பட்டைகள் தெரியாமல் இருக்க என்ன வழி?

கருஞ்சாம்பலிலிருந்து கறுப்பை நோக்கிப் படிப்படியாக மாறிச் செல்லும் பின்னணி (கிரேடியன்ட்) வழவழப்பாக இல்லாமல் பட்டை பட்டையாகத் தெரிவதற்குக் காரணம் மென்பொருளின் கோளாறு அன்று, எண்களின் பற்றாக்குறையே. 8 பிட் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றின் ஒளிர்வுக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள் மட்டுமே உண்டு. 30-இல் தொடங்கி 10-இல் முடியும் கிரேடியன்ட்டை 1920 பிக்சல் அகலத்துக்கு விரித்தால், கிடைக்கும் 21 படிகளில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 91 பிக்சல் அகலப் பட்டையாகிவிடுகிறது. போதாக்குறைக்கு, அவற்றின் விளிம்புகளை நம் கண் மிகைப்படுத்தியும் காட்டுகிறது.

பலரும் முதலில் பிளர் செய்து (மங்கலாக்கி) பார்க்கிறார்கள். 8 பிட்டிலேயே இருக்கும்வரை அதன் விடையும் அதே முழு எண்களுக்குத்தான் வந்து சேரும் என்பதால் அது வீண் வேலை. படத்தைப் படிகள் மிகுந்த 16 பிட்டில் உருவாக்கி, 8 பிட்டுக்கு மாற்றும் தறுவாயில் ஒரு படி அளவுக்கு நாய்ஸ், அதாவது ஒழுங்கற்ற சிறு ஏற்ற இறக்கம், சேர்ப்பதே சரியான வழி. இதற்கு டிதரிங் என்று பெயர். அப்போது 20.3 என்ற மதிப்பு உள்ள இடத்தில் பத்தில் ஏழு பிக்சல்கள் 20 ஆகவும் மூன்று 21 ஆகவும் சிதறிக் கிடக்க, கண் அவற்றின் சராசரியைக் காண்கிறது. மாற்றிய பிறகு நாய்ஸ் சேர்த்தால் விளிம்பு சற்று மறையுமே தவிர, இழந்த இடைமதிப்பு திரும்பாது.

இப்படிச் செய்த படத்தை ஜேபெக்காகச் சேமிக்காதீர்கள். அந்தச் சுருக்கம் நுண்ணிய நாய்ஸைத்தான் முதலில் துடைத்தெறியும். பிஎன்ஜி பாதுகாப்பானது. வீடியோ என்றால், 1024 படிகள் தரும் 10 பிட் என்கோடிங்கைத் தேர்ந்தெடுங்கள். தூய சாம்பலுக்குப் பதிலாக இலேசான நீலம் கலந்தாலும் ஓரளவு பலன் உண்டு: சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே இடத்தில் படி மாறாமல் வெவ்வேறு இடங்களில் மாறும்.